கண் திரும்பாத பிள்ளையும் மூளையின் படமும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





இந்த மேடையிலே பேசுவோர் பெரும்பாலும் இலக்கியம் பேசுவர். இல்லையேல் சமயம் பேசுவர். நானோ பேராதனையில் கதிர்ப்படவியல் பயில்கின்ற ஒரு மாணவன். எலும்பையும் மூளையையும் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டிருப்பவன். "உனக்குத் தெரிந்ததைப் பற்றியே பேசு தம்பி" என்று செயலாளர் அவர்கள் பணித்தபடியால், உலகில் மிக அரிதாகக் காணப்படுகின்ற ஒரு நோயைப் பற்றியும், அதனை மூளையின் படம் எவ்வாறு வெளிப்படுத்தியது என்பது பற்றியும் சில சொற்கள் கூற வந்துள்ளேன். அரிதான நோயைப் பற்றி நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். அரிதானதைப் பற்றிப் பேசப் புகுந்தால், நம் வீட்டு வாசலில் அன்றாடம் நடப்பதைப் பற்றியும் பேசத்தான் வேண்டியிருக்கின்றது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கின்றேன். நான் பிறந்து வளர்ந்தது பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அவருடைய வலது தோள் சிறிது உயர்ந்து தெரிந்தது. சட்டை ஒரு பக்கம் தூக்கி நின்றது. பிறகு முதுகின் ஒரு பக்கம் மேடாயிற்று. "படிக்கிறபோது கோணிக்கொண்டு உட்காருகிறாள்" என்றார் ஒருவர். "சிறு வயதிலேயே தண்ணிக்குடம் தூக்கியதால் வந்தது" என்றார் இன்னொருவர். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்றார் மூன்றாமவர். பிள்ளைகளாகிய நாங்களோ ஒரு பட்டப் பெயரே வைத்துவிட்டோம். அந்தப் பெயரை இந்த மேடையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூவியவர்களுள் நானும் ஒருவன். அந்த அக்காவைப் பெரிய வைத்தியர்களிடம் காட்ட, இரவு ரயிலில் கொழும்புக்கு அழைத்துச் சென்றபோது அவருக்குப் பதினேழு வயது. வளர்ச்சி முடிந்துவிட்டது. "நான்கு வருடங்களுக்கு முன்பு கொண்டுவந்திருந்தால்" என்று அங்கே ஒரு வைத்தியர் சொன்னாராம். அந்த நான்கு வருடங்களை விழுங்கியவர்கள் யார்? வைத்தியசாலையா? இல்லை. கண்ணெதிரே கண்டும் காணாதிருந்த நாங்கள்தாம்.

அந்த அக்காவுக்கு வந்தது நான் கூறப் போகின்ற அரிய நோய் அன்று. வளரும் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, காரணம் புலப்படாமலே வருகின்ற முதுகெலும்புப் பக்க வளைவு அது. ஆனாலும் அந்த முதுகின் நினைவுதான் என்னை இந்தப் பாடத்திற்கு இழுத்துச் சென்றது. வகுப்பில் ஒரு நாள் விரிவுரையாளர் திரையிலே ஒரு மூளைப் படத்தைக் காட்டி, "இந்தப் பிள்ளையின் முதுகு வளைந்திருக்கின்றது, அதற்குரிய காரணத்தை மூளையிலே பாருங்கள்" என்றார். முதுகு வளைவுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அந்த நோயின் பெயரைத் தமிழிற் சொல்வதானால், பக்கப் பார்வை முடக்கத்தோடு கூடிய வளர் முதுகு வளைவு எனலாம். பெயர் நீளமானது, செய்தி எளிது. இந்நோயோடு பிறக்கும் குழந்தையின் கண்கள் மேலே போகும், கீழே வரும். இடமும் வலமும் மாத்திரம் திரும்பா. பக்கத்தில் நிற்கும் தாயைப் பார்க்க வேண்டுமாயின் குழந்தை தலையையே திருப்ப வேண்டும். பார்வை தெளிவாகவே இருக்கும். அறிவிலும் குறைவிராது. ஆயினும் நடக்கத் தொடங்கிய சில வருடங்களுக்குள் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கும். வளைவு ஆண்டுக்கு ஆண்டு கூடும். பெரும்பாலானோருக்கு இறுதியில் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

1974 ஆம் ஆண்டளவில் கிரேக்க நாட்டைச் சேர்ந்த திரெத்தாக்கிஸ் முதலிய வைத்தியர்கள், இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகளிடம் இவ்விரு குறைகளும் சேர்ந்து வருவதைக் கண்டு எழுதினார்கள். கண்ணைக் கண் வைத்தியர் பார்த்தார். முதுகை எலும்பு வைத்தியர் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பின்னரே நோய் புலப்பட்டது.

இது எங்கோ கிரேக்கத்தில், அரேபியாவில் மட்டும் வருவதென்று எண்ண வேண்டாம். நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்த தமிழ்நாட்டிலும் இதனைக் கண்டிருக்கின்றார்கள். டாக்டர் ஜி. வெங்கடசுவாமி அவர்கள் 1976 இல் மதுரையிலே பதினொரு கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பலர் அறிவீர்கள். அதன் கோயம்புத்தூர்க் கிளையைச் சேர்ந்த குழந்தைக் கண் வைத்தியர் கல்பனா நரேந்திரன் உள்ளிட்ட வைத்தியர்கள், 2011 ஆம் ஆண்டில் இந்தியக் கண் மருத்துவ இதழிலே இரண்டு சகோதரிகளைப் பற்றி எழுதினார்கள். அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே குறை. பக்கத்திலே பார்க்க முயன்றால் இரண்டு கண்களும் மூக்கை நோக்கி உட்புறமாகக் குவிந்தன. இருவருக்கும் முதுகு வளைந்திருந்தது. இருவரையும் காந்தப் பரிவுப் படம் எடுத்துப் பார்த்தபோது, இருவரின் மூளைத் தண்டிலும் ஒரே இடத்தில் ஒரு பிளவு தெரிந்தது. தங்கையின் படத்தில் அது சற்றுக் கூடுதலாக இருந்தது. கண்ணை மட்டும் பார்த்திருந்தால் மாறுகண் என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். முதுகையும் பார்த்தார்கள், மூளையையும் பார்த்தார்கள். ஆகவேதான் உண்மை விளங்கிற்று.

சபையோரே, அந்தப் பிளவு எங்கே இருந்தது? அதனை விளக்க நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் தருகின்றேன். எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலே ஒன்பது வளைவுப் பாலத்தை அறியாதவர் இங்கே இல்லை. 1921 இல் திறக்கப்பட்டது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு, இரும்புத் தூண் இன்றிக் கட்டப்பட்டது. இந்தப் பக்கத்து மலையையும் அந்தப் பக்கத்து மலையையும் அது இணைக்கின்றது. நமது மூளையின் அடித் தண்டிலும் ஒரு பகுதிக்குப் பாலம் என்றே பெயர். இலத்தீன் மொழியில் இட்ட பெயரின் பொருளும் பாலம்தான். இடப்பக்கத்து நரம்பிழைகள் வலப்பக்கத்திற்கும், வலப்பக்கத்து இழைகள் இடப்பக்கத்திற்கும் நடுக்கோட்டைக் கடந்து செல்லும் இடங்களுள் அது முக்கியமானது.

ஏன் கடக்க வேண்டும்? நம் வலது கையை ஆள்வது இடப்புற மூளை. இடது கையை ஆள்வது வலப்புற மூளை. பக்கவாதத்தில் மூளையின் இடப்புறம் பழுதானால் வலது கையும் வலது காலும் விழுந்து போவதைக் கண்டிருக்கின்றீர்கள். மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளிற் பெரும்பாலானவை, பாலத்திற்குக் கீழேயுள்ள நீள்வளைய மையவிழையத்தில் மறுபக்கம் கடந்துவிடுகின்றன. கண்ணுக்கும் இப்படியொரு கடத்தல் உண்டு. நான் இப்பொழுது வலப்பக்கத்திலுள்ள தலைவரைப் பார்க்கின்றேன். வலது கண் வெளிப்புறம் திரும்ப வேண்டும். இடது கண் உட்புறம் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். பாலத்தின் வலப்பக்கத்திலுள்ள ஒரு நரம்புக் கரு இரண்டு கட்டளைகளை அனுப்புகின்றது. ஒன்று வலது கண்ணின் வெளித் தசைக்கு நேரே செல்கின்றது. மற்றொன்று நடுக்கோட்டைக் கடந்து மேலேறி, இடது கண்ணின் உட்தசையை ஆளும் கருவை அடைகின்றது. நம் இரு கண்களும் இரட்டைமாடுபோல் ஒன்றாகத் திரும்புவது இதனால்தான். மேலும் கீழும் பார்ப்பதற்குரிய ஏற்பாடு இன்னும் மேலே, நடுமூளையில் இருக்கின்றது. அதனாலேதான் இந்த நோயில் மேல் கீழ்ப் பார்வை கெடுவதில்லை.

இனிப் படத்திற்கு வருவோம். 1895 இல் ஜெர்மனியில் றொன்ற்ஜன் என்பவர் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து, தம் மனைவியின் கைவிரல் எலும்புகளைப் படமாக்கினார். அந்தக் கதிர் எலும்பைக் காட்டும். மண்டையோட்டினுள்ளே கிடக்கும் மெல்லிய மூளையை அது வேறுபடுத்திக் காட்டாது. 1973 இல் அமெரிக்கரான போல் லோட்டபர் காந்தப் பரிவினால் படம் எடுக்க வழி கண்டார். ஆங்கிலேயரான பீற்றர் மான்ஸ்பீல்ட் அதனை விரைவுபடுத்தினார். இருவருக்கும் 2003 இல் நோபெல் பரிசு கிடைத்தது. எம்.ஆர்.ஐ. என்று நாம் கேள்விப்படுவது இதுவே.

நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரிலே ஐதரசன். ஐதரசனின் கரு ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு காந்த ஊசி போன்றது. நோயாளியை ஒரு பெருங் காந்தக் குழாயினுள் கிடத்துகின்றார்கள். வைத்தியசாலைகளில் வழக்கமாக உள்ள 1.5 தெஸ்லா இயந்திரத்தின் காந்தம், பூமியின் காந்தத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. அதிலே அந்த ஊசிகள் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. பின்னர் ஒரு வானொலி அலையைச் செலுத்தி அவற்றை அசைக்கின்றார்கள். அலை நின்றதும் அவை பழைய நிலைக்குத் திரும்புகையில் மெல்லிய சமிக்ஞை எழுகின்றது. ஒவ்வொரு திசுவிலிருந்தும் ஒவ்வொரு விதமான சமிக்ஞை. கணிப்பொறி அவற்றைத் தொகுத்துப் படமாக்குகின்றது. எக்ஸ் கதிர் இதில் இல்லை. சத்தம் மாத்திரம் பெரிது. சிறு பிள்ளைகள் பயந்து போவார்கள்.

இந்த நோயுள்ள பிள்ளையின் மூளைத் தண்டை இவ்வாறு படமெடுத்தால் இரண்டு அடையாளங்கள் தெரியும். பாலத்தின் நடுவே, பின்புறத்திலிருந்து ஆழமான ஒரு வெடிப்பு: பிளந்த பாலம் என்று அதனைச் சொல்வார்கள். அதற்குக் கீழே நீள்வளைய மையவிழையம் வழமையான வடிவத்தை விட்டு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிபோல் தோன்றும். நடுவிலே நெய்யப்பட வேண்டிய இழைகள் நெய்யப்படவில்லை; ஆகவே நடு வெறுமையாயிற்று.

ஆனால் இழைகள் கடக்கவில்லை என்பதை நேரே காண வேண்டாமா? அதற்கு இன்னொரு படமுறை உண்டு. 1994 இல் பீற்றர் பாசர் என்பவரும் அவருடைய துணைவர்களும் வகுத்தது அது. நம் தோட்டத்தில் கான் வெட்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். மழை நீர் தேயிலை மலையில் கண்டபடி ஓடாமல் கான் வழியே ஓடும். இரவிலே மலை தெரியாவிட்டாலும், நீர் எந்தத் திசையில் ஓடுகின்றது என்பதை அறிந்தால், கான் எந்தத் திசையில் வெட்டப்பட்டிருக்கின்றது என்று சொல்லிவிடலாம் அல்லவா? மூளையிலும் அவ்வாறே. நரம்பிழையினுள் நீர்த்துணிக்கைகள் இழையின் நீளத்திலே எளிதாக நகரும். குறுக்கே நகர்வது கடினம். அந்த நகர்வை அளந்து, இழைகளின் திசையைக் கணித்து, திசைக்கொரு நிறம் கொடுக்கின்றார்கள். இடம் வலமாகச் செல்வது சிவப்பு. மேலும் கீழுமாகச் செல்வது நீலம். முன் பின்னாகச் செல்வது பச்சை.

நலமான ஒருவரின் நடுமூளையில், சிறுமூளையிலிருந்து வரும் இழைகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திலே குங்குமப் பொட்டு வைத்ததுபோல் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். இந்த நோயாளருடைய படத்தில் அந்தப் பொட்டு இல்லை. 2006 இல் சிக்கோட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதனை வெளியிட்டார்கள். பாலத்திலும் கடக்கும் பெரும் இழைக் கற்றைகளைக் காணவில்லை. கையையும் காலையும் ஆளும் இழைகள் இடப்புறத்தில் இறங்கியவை இடப்புறமாகவே போயின. அதாவது, அந்தப் பிள்ளைகளுக்கு இடப்புற மூளையே இடது கையை ஆள்கின்றது! அப்படியிருந்தும் அவர்கள் எழுதுகின்றார்கள், விளையாடுகின்றார்கள், தைக்கின்றார்கள். வேறு வழியில் வந்த ஆணையையும் உடல் ஏற்றுக்கொள்கின்றது. இதனைப் படித்தபோது என் மெய் சிலிர்த்தது.

இது வெறும் வியப்புக்குரிய செய்தி மட்டுமன்று. முதுகெலும்பை நிமிர்த்தும் சத்திரசிகிச்சையின்போது, தண்டுவடம் பழுதுபடுகின்றதா என்று கணந்தோறும் கவனிப்பார்கள். தலையின் ஒரு பக்கத்தில் சிறு மின் தூண்டலைக் கொடுத்து, மறுபக்கத்துக் கால் தசை அசைகின்றதா என்று பார்ப்பார்கள். சவூதி அரேபியாவில் மக்டொனால்ட் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் இந்நோயுள்ள ஒருவரை அவ்வாறு கவனித்தபோது, மறுபக்கத்தில் வர வேண்டிய விடை அதே பக்கத்தில் வந்தது. இழைகள் கடக்கவில்லை என்பதைச் சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே கண்டறிந்து, 2004 இல் எழுதினார்கள். முன்கூட்டியே மூளையின் படத்தைப் பார்த்திருக்கும் வைத்தியர், மின்வாய்களைச் சரியான பக்கத்தில் பொருத்துவார். முதுகு வளைந்த பிள்ளையின் கண்ணசைவையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

சரி, இழைகள் ஏன் கடக்கவில்லை? இதன் விடை ஒரு பழ ஈயிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? வாழைப்பழத் தாரைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈ. 1993 இல் கலிபோர்னியாவில் கோரி குட்மன் அவர்களின் ஆய்வுகூடத்தில், நரம்பிழைகள் நடுக்கோட்டை ஒரு முறை கடப்பதற்குப் பதிலாக மீண்டும் மீண்டும் கடந்து வட்டமிடுகின்ற ஈக்களைக் கண்டார்கள். பழுதான பரம்பரையலகுக்கு ரவுண்டபௌட் என்று பெயரிட்டார்கள்; தெருச் சந்தியிலே வாகனங்கள் வட்டமிடும் இடத்தின் பெயரேதான். சுருக்கமாக ரோபோ.

வளரும் நரம்பிழையை நடுக்கோடு ஒரு பொருளால் அழைக்கின்றது. இன்னொரு பொருளால் விரட்டுகின்றது. கடக்கும் வரை அழைப்பு மட்டும் கேட்க வேண்டும். கடந்த பின்னர் விரட்டு கேட்க வேண்டும். இல்லையேல் இழை திரும்பி வந்துவிடும். ரோபோ வகைகளிலே மூன்றாவது, கடக்கும் வரை விரட்டைக் கேளாதபடி காதைப் பொத்துகின்ற வேலையைச் செய்கின்றது. அந்த மூன்றாவது ரோபோ பழுதானால், இழை வாசல் வரை வந்து, விரட்டைக் கேட்டு, கடவாமலே திரும்பிவிடுகின்றது. 2002 இல் இந்நோய்க்குரிய இடம் 11 ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதாகக் கண்டார்கள். 2004 இல் லொஸ் ஏஞ்சலிசைச் சேர்ந்த ஜோன்னா ஜென் அவர்களும், பொஸ்டனைச் சேர்ந்த எலிசபெத் எங்கிள் அவர்களும், பல நாட்டு வைத்தியர்களும் சேர்ந்து, மனிதரில் பழுதானது இந்த மூன்றாவது ரோபோவே என்று சயன்ஸ் இதழில் அறிவித்தார்கள். முதுகு ஏன் வளைகின்றது என்பதை மாத்திரம் விஞ்ஞானிகள் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. முதுகின் இருபுறத் தசைகளுக்கும் செல்லும் கட்டளைகள் ஒத்திசையாமை காரணமாகலாம் என்பது ஒரு கருத்து.

இங்கேதான் நம் சமூகத்தைத் தொடுகின்ற ஒரு செய்தி இருக்கின்றது. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். ஒவ்வொரு பரம்பரையலகும் நமக்கு இரண்டு பிரதிகளாக வருகின்றது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இந்நோய் வருவதற்கு இரண்டுமே பழுதாயிருக்க வேண்டும். ஒன்று பழுதாயிருப்பவர் நலமாகவே வாழ்வார். தம்மிடம் பழுது இருப்பதையே அறியமாட்டார். அத்தகைய இருவர் மணம் செய்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. அரிய பழுது, அந்நியர் இருவரிடம் ஒரே சமயத்தில் இருப்பது அருமை. ஒரே பாட்டனின் வழிவந்த இருவரிடம் இருப்பது அவ்வளவு அருமையன்று. மாமன் மகளும் அத்தை மகனும் தம் பரம்பரையலகுகளில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பர். தாய்மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கு. இந்நோய் பற்றி உலகெங்கும் எழுதப்பட்ட குடும்பங்களுள் மிகப் பலவற்றில் பெற்றோர் உறவினராய் இருந்தமை தற்செயலன்று.

அதற்காக, முறைப்பெண்ணைக் கட்டியவரெல்லாம் தவறு செய்தவர் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தம்பதியருக்கும் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஏதாவது பிறவிக் குறையோடு பிறக்கலாம். மாமன் மகள், அத்தை மகன் மணத்தில் அது மேலும் இரண்டு மூன்று கூடலாம் என்பது பொதுவான கணிப்பு. அப்படியானால் தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன. அஞ்ச வேண்டியதில்லை, அறிந்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் ஏற்கனவே இத்தகைய பிள்ளை பிறந்திருக்குமாயின், அந்தக் குடும்பத்துக்குள்ளேயே மீண்டும் பெண் எடுப்பதற்கு முன் ஒரு வைத்தியரைக் கலந்து பேசுவது நன்று. பத்துப் பொருத்தம் பார்க்கின்ற நாம், இந்தப் பதினோராவது பொருத்தத்தையும் பார்த்தால் குறைந்துவிடமாட்டோம்.

பிள்ளை குறையோடு பிறந்தால் நாம் கேட்கும் முதற் கேள்வி என்ன? யார் செய்த பாவம் என்பதுதானே! நான் மிஷன் பாடசாலையில் படித்தவன். அங்கே யோவான் எழுதிய சுவிசேஷத்தில் ஒரு கதை படிப்பித்தார்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று இயேசுவைக் கேட்டார்கள். இருவரும் அல்லர் என்பது அவர் சொன்ன விடை. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். பாட்டி எனக்கு அட்டாவக்கிரர் கதையைச் சொன்னார். கருவிலிருந்தபடியே தந்தையின் வேதபாடத்தைத் திருத்தினார். தந்தை கோபித்துச் சபித்தார். எட்டுக் கோணலோடு பிறந்தார். அந்தப் பிள்ளை ஜனகன் அவைக்குப் போய், வாதிலே வென்று, தோற்றுக் கிடந்த தந்தையையே மீட்டு வந்தது. பாட்டி சொன்னார்: "கோணல் பிள்ளைகிட்ட இல்லடா, சபிச்ச வாய்லதான் இருந்துச்சு." இதற்கு மேல் ஒரு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் நாம் அட்டாவக்கிரரை மறந்துவிட்டோம். இராமாயணத்துக் கூனியை மாத்திரம் நினைவில் வைத்திருக்கின்றோம். முதுகு வளைந்த எவரைக் கண்டாலும் அந்தப் பெயர்தான் நாவில் வருகின்றது. பாகவதத்தில் மதுரா நகரத்துத் தெருவிலே சந்தனம் சுமந்து வந்த கூன்முதுகுப் பெண்ணைக் கண்ணன் அழகியே என்றுதான் அழைத்தான்; பிறகுதான் நிமிர்த்தினான். நிமிர்த்த நம்மால் இயலாது. அழைப்பதையாவது நன்றாக அழைக்கலாமே!

நண்பர்களே, நம் மன்றம் என்ன செய்யலாம்? படமெடுக்கும் இயந்திரம் நம் கையில் இல்லை. கண் இருக்கின்றது. இரண்டு சோதனைகளை உங்களுக்குக் கற்றுத் தருகின்றேன், காசு செலவில்லை.

முதலாவது முதுகுக்கு. பிள்ளையைக் கால்களைச் சேர்த்து நிற்கச் செய்து, கைகளைக் கூப்பித் தொங்கவிட்டபடி இடுப்பிலிருந்து முன்னே குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். எக்ஸ் கதிர்ப் படத்தில் வளைவை அளப்பார்கள். 10 பாகைக்கு மேற்பட்டால் அது பக்க வளைவு. பலருக்குக் கவனித்துவந்தாலே போதும். வளரும் வயதிலேயே கண்டால் கவசம் அணிவித்துக் கூடாமல் தடுக்க முயல்வார்கள். முற்றிய பின் சத்திரசிகிச்சைதான். கூடை சுமந்ததாலோ, கோணி உட்கார்ந்ததாலோ, புத்தகப் பை தூக்கியதாலோ இது வருவதில்லை. பிள்ளையைத் திட்டுவதனால் முதுகு நிமிராது.

இரண்டாவது கண்ணுக்கு. ஆறு மாதம் கடந்த குழந்தையின் தலையை மெல்லப் பிடித்துக்கொண்டு, ஒரு விளையாட்டுப் பொருளை இடமும் வலமும், பின்னர் மேலும் கீழும் அசையுங்கள். கண்கள் தொடர்கின்றனவா என்று பாருங்கள். பிள்ளைக் காம்பராவிலேயே இதனைச் செய்யலாம். பாடசாலையில், பக்கத்தில் பார்க்க எப்போதும் தலையையே திருப்புகின்ற பிள்ளை ஒன்றிருந்தால், அது அடுத்தவன் கொப்பியைப் பார்க்கின்றது என்று அடிக்க வேண்டாம். மந்தம் என்று பின் வாங்கில் தள்ளவும் வேண்டாம். கரும்பலகைக்கு நேரே நடுவில் உட்கார வையுங்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குச் செல்லட்டும். நம் நாட்டில் அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணமில்லை. ஒரு நாட்பேர் போய்விடுமே என்று தயங்குகின்ற தாய்க்கு, மன்றத்து இளைஞர் ஒருவர் துணையாகப் போகலாம். பஸ் செலவை மன்றம் ஏற்கலாம். விழாவுக்குச் செலவிடும் பந்தல் காசில் ஒரு சிறு பங்கு போதும்.

கடந்த விடுமுறையில் லயத்துக்குப் போயிருந்தேன். அந்த அக்கா இப்பொழுது தையல் வேலை செய்கின்றார். நான் என்ன படிக்கின்றேன் என்று கேட்டார். உடம்புக்குள்ளே உள்ளதைப் படமெடுக்கப் படிக்கின்றேன் என்றேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தம்பி, அந்தப் படத்துல வலி தெரியுமா?"

தெரியாது என்று சொன்னேன். எலும்பு தெரியும், நரம்பு தெரியும், கடவாத இழை தெரியும், வலி தெரியாது. பிறகு, சிறு வயதில் அவருக்கு வைத்த பெயருக்காக மன்னிப்புக் கேட்டேன். "நீ மட்டுமா சொன்ன? விடு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தைக்கத் தொடங்கினார். நீ மட்டுமா என்ற அந்தச் சொல்லை இச்சபையிலே வைப்பதற்காகத்தான், நண்பர்களே, இன்று இவ்வளவு தூரம் பேசினேன்.

ஆளுக்கு ஒரு லயம் எடுத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் அந்த லயத்திலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் முதுகையும் ஒரு முறையேனும் பார்ப்போம்.